ஏ டிவிஷன்ல இருந்து எங்களை இறக்குனது யாரு?

நீங்களே ஜன்னலோரம் உக்காருங்க தம்பி. நான் எப்பவும் இந்தப் பக்கந்தான். இங்க உக்காந்தா ஏறுறவன் யாரு, இறங்குறவன் யாருன்னு ஒருத்தன் விடாமப் பாத்துக்கலாம். பழகிப்போச்சு.

கபடி பாப்பீங்களா? டிவியில வர்றதா? சரி, அதாவது பாக்குறீங்களே. என் பேரு சுருளிவேல். வடமலைக் கல்லூரியில பி.டி. போர்டுல 'உடற்கல்வி இயக்குநர்'னு எழுதிருக்கும், யாரு அப்புடிக் கூப்புடுறா? பயக எல்லாம் பி.டி. சாரும்பாய்ங்க. இப்பக் கூட ஒரு கபடி மேட்ச் பாத்துட்டுத்தான் வாரேன். எங்க மேட்ச் இல்ல. எங்க மேட்ச்சா இருந்தா பயகளோட கத்திக்கிட்டு வேன்ல வந்திருக்க மாட்டேனா? அடுத்தவன் மேட்ச். அடுத்தவன் மேட்ச்ல உனக்கு என்னய்யா வேலைன்னு கேப்பீங்க. கேக்கலையா? பரவால்ல, நானே சொல்றேன். வத்தலக்குண்டுக்கு இன்னும் நேரம் கெடக்கு.

எங்க யுனிவர்சிட்டியில காலேஜ் கபடிக்கு ரெண்டு டிவிஷன். ஏ டிவிஷன்ல எட்டு டீமு. மிச்சம் இருக்குற காலேஜ் பூராம் பி டிவிஷன். ஏ டிவிஷன்ல கடைசியா வர்றவன் கீழ போகணும், பி டிவிஷன்ல முதலா வர்றவன் மேல வரணும். சின்னப் புள்ளைக்குக் கூடப் புரியும். நான் வேலைக்குச் சேந்ததுல இருந்து எங்க காலேஜ் ஏ டிவிஷன்தான். எட்டாவது எடத்துக்கு நாங்க போனதே இல்ல. ஏழாவதுக்குப் போயிருக்கோம், அதை ஒத்துக்கிறேன்.

எங்களுக்கு ஒரு எதிரி உண்டு. அறம்வளர்த்தான் கல்லூரி. எங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல ஒரு ஆறுதான். பாலம் போட்டு எம்புட்டோ காலமாச்சு, பகை மட்டும் அந்தக் கரை அந்தக் கரைதான், இந்தக் கரை இந்தக் கரைதான். வடமலையும் அறம்வளர்த்தானும் மோதுற அன்னைக்கு ரெண்டு ஊருலயும் கட பாதி பூட்டிருக்கும். பேங்க்குக்காரவுக எல்லாம் கேலரியில உக்காந்திருப்பாக. எங்க ஊருப் பொண்ண அந்த ஊருல கட்டிக்கொடுத்திருந்தா அன்னைக்கு மட்டும் அது அப்பன் வீட்டுப் பக்கம் உக்காந்து விசிலடிக்கும். புருஷன் எதிர்ப்பக்கம். அம்புட்டு ரோசம்.

அந்தக் காலேஜ் பி.டி. பேரு செபமாலை. நாங்க ரெண்டு பேரும் ஒரே காலேஜ்ல உடற்கல்வி படிச்சவங்க. எனக்கு ஒரு வருசம் ஜூனியர். இன்னைக்கும் "அண்ணே"ன்னுதான் கூப்புடுவான். அதுலதான் தம்பி எனக்கு மொத சந்தேகம். அடிச்சுப் புடிச்சு மோதுற ஒருத்தன் வாய் நெறைய அண்ணேன்னு கூப்புட்டா என்ன அர்த்தம்? திட்டுனாலாவது இன்னதுன்னு தெரியும்.

படிக்கிறப்ப ஒரு தடவை மாவட்ட டீம் செலக்ஷன். நானும் போனேன், அவனும் போனான். அவனை எடுத்தாக. என்னைய விட்டாக. அவன் தேர்வுக் கமிட்டி ஆளுகிட்ட ஏதோ பேசிக்கிட்டு நின்னதை நான் என் கண்ணால பாத்தேன். என்ன பேசுனன்னு கேட்டா, தண்ணி எங்க இருக்குன்னு கேட்டேன்றான். தண்ணி! தண்ணிப் பானை அவன் முதுகுக்குப் பின்னாடி இருக்கு.

அது கெடக்கட்டும். போன வருசத்துக்கு வருவோம். போன வருசம் யுனிவர்சிட்டி ஸ்போர்ட்ஸ் போர்டுல புதுசா ஒரு விதி போட்டாங்க. இனிமே ஒரு வருச ஆட்டத்தை மட்டும் வச்சு மேல ஏத்துறது, கீழ இறக்குறது கிடையாதாம். தரவரிசைப் புள்ளியாம். மூணு வருச வெற்றி தோல்விக்குப் புள்ளி. யுனிவர்சிட்டி டீமுக்கு எத்தனை பயகளை அனுப்புனோம், அதுக்குப் புள்ளி. போட்டியை நம்ம காலேஜ்ல வச்சு நடத்துனா அதுக்கும் புள்ளி. எல்லாத்தையும் கூட்டி, முதல் எட்டு எடத்துல இருக்குறவன் ஏ டிவிஷன். அம்புட்டுத்தான்.

இதைப் போட்ட கமிட்டியில யாரு இருந்தான்? செபமாலை. போட்டியை நடத்தணும்னா என்ன வேணும்? மேட் வேணும், கபடி ஆட விரிக்கிற ரப்பர் மேட். இப்ப எவனும் மண்ணுல நடத்த விடுறதில்ல. மேட் யாருகிட்ட இருக்கு? செபமாலைகிட்ட. எங்ககிட்ட என்ன இருக்கு? மண்ணு. அதுலயும் ஒரு மூலையில மழை பேஞ்சா தண்ணி நிக்கும். இப்பச் சொல்லுங்க, விதியை யாருக்காகப் போட்டாங்க?

அன்னைக்குச் சாயங்காலமே எனக்குப் போன் வந்துச்சு. செபமாலைதான்.

"அண்ணே, புது விதி பாத்தீங்களா? நடத்துறதுக்குப் புள்ளி வேணாம்னுதான் நான் சொன்னேன், கேக்க மாட்டேன்னுட்டாங்க. நீங்க இந்தத் தடவை மண்டலப் போட்டியை உங்க காலேஜ்ல நடத்துங்க. எங்க மேட்டை நான் லாரியில ஏத்தி அனுப்பி வைக்கிறேன். முடிஞ்சதும் திருப்பி அனுப்புங்க, போதும்."

எப்புடி இருக்கு? விதியப் போட்டதும் இவன், அதுக்கு வழி சொல்றதும் இவன். நான் யோசிச்சேன். மேட் வரும். நம்ம எடத்துல கெடக்கும். திருப்பி அனுப்புறப்ப ஒரு கிழிசல் இருக்கும். வடமலைக்காரன் கிழிச்சுட்டான்னு போர்டுக்குப் புகார் போகும். அதுல பத்துப் புள்ளி வெட்டுவாங்க. இதெல்லாம் எனக்குத் தெரியாதா?

"எங்களுக்கு மண்ணே போதும்பா"ன்னு வச்சுட்டேன்.

எங்க வீட்டம்மா பாண்டீஸ்வரி பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா. "ஏங்க, உங்களுக்குச் சாமியே நேருல வந்து வரம் குடுத்தாலும், ஆதார் கார்டைக் காட்டுன்னு கேப்பீங்க போல"ன்னா. அவளுக்கு என்ன தெரியும்? சாமி கமிட்டியில இல்ல.

சரி, நடத்துற புள்ளி போச்சு. ஆட்டத்துல புடிச்சுக்கலாம்னு இருந்தேன். ஏன்னா அந்த வருசம் என்கிட்ட ஒரு பய இருந்தான். வீரணன். மூணாவது வருசம் வரலாறு. டீம் கேப்டன். ரெய்டுக்குப் போனான்னா தம்பி, கோர்ட்டுக்குள்ள பாம்பு பூந்த மாதிரி ஏழு பேரும் ஒதுங்குவாய்ங்க. அவனை நான்தான் ஒரு பள்ளிக்கூட மைதானத்துல கண்டுபிடிச்சுக் கூட்டியாந்தேன். அவங்க அப்பா கெணறு வெட்டுறவரு. "சார், என் பையனை உங்களை நம்பித்தான் அனுப்புறேன்"னாரு. நானும் அவனை நம்புனேன். என் அளவுக்கு நம்புனேன்.

ஒரு நாள் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். எதிர்த்தாப்புல டீக்கடை. அங்க பெஞ்சுல யாரு உக்காந்திருக்கா? என் கேப்டன். பக்கத்துல யாரு? செபமாலை! ரெண்டு பேரு கையிலயும் பஜ்ஜி. செபமாலை பேசுறான், இவன் தலைய ஆட்டுறான். அப்புறம் ரெண்டு பேரும் சேந்து மதுரை பஸ்ல ஏறுறாங்க. நான் தூணுக்குப் பின்னாடி நின்னு பாத்துட்டேன். எனக்கு வர வேண்டிய பஸ்ஸையும் விட்டுட்டேன் தம்பி. பொய் சொல்லல.

அடுத்த நாள் பயிற்சிக்கு வந்தான். கூப்புட்டேன்.

"நேத்து எங்கடா போன?"

"மதுரைக்கு சார்."

"யாரோட?"

அவன் என் மூஞ்சியப் பாத்தான். "சும்மா, தெரிஞ்சவங்களோட சார்."

"எதுக்கு?"

"சும்மாதான் சார்."

சும்மா! சும்மா மதுரைக்குப் போறவன் எதிர் டீம் பி.டி.யோடயா போவான்? நான் அதுக்கு மேல கேக்கல. கேட்டா உஷாராயிருவான். கவனிச்சேன். ஓடுறப்ப இடது காலை ஒரு மாதிரி வைக்கிறான். திரும்புறப்ப ஒரு நொடி தயங்குறான். முந்தியெல்லாம் இல்லாத தயக்கம். எனக்குப் புரிஞ்சு போச்சு. வெல பேசியாச்சு, இப்பவே சோந்து ஆடிப் பழகுறான். அன்னைக்குத் தோத்தா யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதுல்ல?

நீங்க சிரிக்கிறீங்க. இல்ல? சரி, சிரிக்காதீங்க. நான் அனுபவப்பட்டவன். ஒரு தடவை ஒரு பய காய்ச்சல்னு சொன்னான். நம்பல. வெயில்ல ரெண்டு ரவுண்டு ஓடுறான்னேன். மயங்கி விழுந்தான். அதுக்கப்புறந்தான் நம்புனேன். நம்ப மாட்டேன்னு யாரு சொன்னா? ஆதாரம் வேணும், அம்புட்டுத்தான்.

கடைசி மேட்ச் அறம்வளர்த்தானோட. எங்க மண்ணுல நடந்திருந்தா நல்லாருந்திருக்கும், புது விதிப்படி அவங்க மேட்டுலதான். அதுல ஜெயிச்சா நாங்க ஏ டிவிஷன்ல நிப்போம். தோத்தா புள்ளிக்கணக்கு இழுபறி. கேலரி பொங்கி வழியுது. எங்க ஊருல இருந்து டிராக்டர்ல எல்லாம் வந்து இறங்கியிருக்காக. பயகளை வரிசையா நிக்க வச்சேன். ஏழு பேரு பேரைச் சொன்னேன். வீரணன் பேரைச் சொல்லல.

பயக ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்குறாய்ங்க. வீரணன் ஒண்ணுமே கேக்கல தம்பி. ஏன் சார்னு ஒரு வார்த்தை கேக்கல. போய் ஓரமா பெஞ்சுல உக்காந்துக்கிட்டான். குத்தம் இல்லாதவன்னா கேட்டிருப்பான்ல? அதையும் குறிச்சு வச்சுக்கிட்டேன்.

ஆட்டம் நெருக்கி வந்துச்சு. எங்க பயக உசுரக் குடுத்து ஆடுனாய்ங்க. அத நான் மறைக்க மாட்டேன். கடைசி நேரம், ரெண்டு டீமும் சமமா இருக்கு. கேலரியில எங்க பக்கம் "வீ-ர-ணா! வீ-ர-ணா!"ன்னு கூப்பாடு. எங்க லெப்ட் கார்னர் பய கோர்ட்டுக்குள்ள இருந்தே கும்புடுறான், "சார், அண்ணனை இறக்குங்க சார்." நான் கையக் கட்டிக்கிட்டு நின்னேன். ஒரு புள்ளியில தோத்தோம்.

ஊர்க்காரங்க என்னையத் திட்டுனதெல்லாம் பஸ்ல சொல்ல முடியாது, பொம்பளைக இருக்காக. நான் அசையல. ஒரு துரோகிய வெளிய உக்கார வச்சுத் தோக்குறது, அவனை உள்ள விட்டு ஜெயிக்கிறதை விட மேல். சொல்லுங்க, தப்பா?

இப்பத்தான் முக்கியமான விசயம். கூட்டம் கலையுது. செபமாலை நேரா என்கிட்ட வர்றான். ஜெயிச்ச டீம் பி.டி. பயக தூக்கிச் சுத்துறாய்ங்க, இறங்கி வர்றான். என் ரெண்டு கையையும் புடிச்சான்.

"அண்ணே, நல்ல வேளை அண்ணே, அவனை உக்கார வச்சீங்க. நான் பயந்துக்கிட்டே இருந்தேன். ரொம்ப நன்றிண்ணே."

நன்றி! கேட்டீங்களா? எதிர் டீம் கேப்டனை உக்கார வச்சதுக்கு இவன் எனக்கு நன்றி சொல்றான்! வாய்விட்டே சொல்றான். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்? நான் கைய உருவிக்கிட்டு வந்துட்டேன்.

அப்புறம் ஒரு வாரம் கழிச்சு வீரணன் வீட்டுக்கு வந்தான். நொண்டிக்கிட்டே வந்தான். முழங்காலாம். உள்ள ஜவ்வு கிழிஞ்சிருச்சாம். செபமாலைக்குத் தெரிஞ்ச எலும்பு டாக்டர் மதுரையில இருக்காராம், அவருகிட்டத்தான் அன்னைக்குக் கூட்டிட்டுப் போனாராம். இன்னொரு மேட்ச் ஆடுனா காலமெல்லாம் நொண்டணும்னு டாக்டர் சொன்னாராம். ஆபரேஷன் பண்ணிட்டு வர்றேன், ஆசீர்வாதம் பண்ணுங்க சார்னு நிக்கிறான்.

"ஏன்டா, இதை என்கிட்டச் சொல்றதுக்கு என்ன? ஏன் அவன்கிட்டப் போன?"

தலையக் குனிஞ்சுக்கிட்டே சொல்றான், "சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா சார்?"

பாத்தீங்களா திமிரை! நான் என்ன சொல்ல வர்றேன்னா, கால் வலி இருந்திருக்கலாம். நான் இல்லைங்கல. ஆபரேஷன் தழும்பு இருக்கு, பெறகு பாத்தேன். ஆனா எதிர் டீம் பி.டி.க்கு என் டீம் கேப்டன் மொழங்கால் மேல என்ன அக்கறை? ஊருல வேற முழங்காலே இல்லையா? பாண்டீஸ்வரி அவனை உக்கார வச்சு இட்லி குடுத்தா. அவன் போனதுக்கப்புறம் என்கிட்ட ரெண்டு நாள் பேசல. ஏன்னு அவளும் சொல்லல. வீட்டுக்குள்ளயும் எதிர் டீம்தான்.

அதுக்குப் பெறகு போர்டு கூட்டம் வந்துச்சு. வருசா வருசம் எல்லா காலேஜ் பி.டி.யும் போகணும். செகரட்டரி சண்முகவடிவேல் சாரு செவத்துல படம் போட்டுக் காட்டுறாரு, புதுத் தரவரிசை. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வருது. எட்டாவதுக்குப் புதுசா ஒரு காலேஜ். ஒன்பதாவது, வடமலை. அரைப் புள்ளி வித்தியாசம் தம்பி! அரைப் புள்ளி! ஒரு போட்டி நடத்தியிருந்தா ஆறாவதுல இருந்திருப்போம்னு பக்கத்துல இருந்த ஆளு சொன்னாரு. எனக்குத் தெரியாதா? அதுக்குத்தானே அந்த விதி.

நான் கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். அப்ப செபமாலை எந்திரிச்சான்.

"சார், போர்டுக்கு ஒரு வேண்டுகோள். ஏ டிவிஷன்ல எட்டு டீமுக்குப் பதிலா பத்து டீம் வைப்போம். வடமலை இல்லாத ஏ டிவிஷன் எங்களுக்கு வேணாம். நாங்க யாரோட மோதுறது? யாரு எங்களை மதிச்சுத் திட்டுவா?"

எல்லாரும் சிரிக்கிறாங்க. செகரட்டரி சுத்திப் பாக்குறாரு. "யோசனை நல்லாத்தான் இருக்கு. எல்லாருக்கும் சம்மதமா?" எல்லாத் தலையும் ஆடுது. ஒருத்தன் எதுக்கல. ஒருத்தன் கூட!

ஏன் எல்லாரும் ஒத்துக்கிறாங்க? முன்னாடியே பேசி வச்சுட்டாங்க. ஏன் பத்து? ஒன்பதுன்னு சொல்லலாம்ல? பத்தாவது எடத்துல யாரு இருக்கான்னு பாத்தேன், ஒரு இன்ஜினியரிங் காலேஜ். அப்ப உண்மையான திட்டம் அந்தக் காலேஜை உள்ள கொண்டாறது. வடமலைங்கறது முன்னால கட்டுற தோரணம். நம்ம பேரைச் சொல்லி எவனையோ உள்ள இழுக்குறான். நாளைக்கு ஒரு சிக்கல்னா, வடமலைக்காகத்தான் பண்ணோம்னு கைய நம்ம பக்கம் நீட்டுவான். அதுவும் இல்லாம, காலம் பூராம் சொல்லிக் காட்டுவானே, நான் போட்ட பிச்சையில ஏ டிவிஷன்ல இருக்கான்னு.

எந்திரிச்சேன். "ஆட்சேபணை!"ன்னேன்.

அம்புட்டுப் பேரும் திரும்பிப் பாத்தாங்க. நான் பேசுனேன் தம்பி. என் வாழ்க்கையில அப்புடிப் பேசுனதில்ல. விதின்னா விதி. இன்னைக்கு எட்டைப் பத்தாக்குனா நாளைக்குப் பத்தைப் பன்னெண்டாக்குவீங்க. அப்புறம் தரவரிசைக்கு என்ன மரியாதை? ஆடி வாங்குற எடத்தைத்தான் வடமலை வாங்கும், யாரும் தூக்கிக் குடுக்கிறதை வாங்காது. மேசையில ஒரு தட்டுத் தட்டுனேன். தண்ணி கிளாஸ் ஆடுச்சு.

செகரட்டரி கண்ணாடியக் கழட்டிட்டுப் பாத்தாரு. "சுருளிவேல் சார், பத்து டீம்னா நீங்க ஏ டிவிஷன்ல இருக்கீங்க. எட்டு டீம்னா வெளிய. புரியுதா?"

"எனக்குப் புரியறதுனாலதான் சார் பேசுறேன்."

அவரு செபமாலையப் பாத்தாரு. செபமாலை என்னையப் பாத்தான். "அண்ணே..."ன்னான். நான் மொகத்தத் திருப்பிக்கிட்டேன். சம்பந்தப்பட்ட காலேஜே வேணாம்னு சொல்றப்ப நாம என்ன செய்யறதுன்னு செகரட்டரி தீர்மானத்தைக் கைவிட்டாரு. எட்டு எட்டாவே நின்னுச்சு.

ஜெயிச்சேன் தம்பி. போர்டுல நான் எந்திரிச்சுப் பேசி ஒரு விசயம் நடந்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். பாண்டீஸ்வரி அரிசி பொடைச்சுக்கிட்டு இருந்தா. சொளகக் கீழ வச்சுட்டுக் கேக்குறா, "ஏங்க, உங்களை உள்ள விடுறேன்னு அத்தனை பேரு சொன்னாங்க. வேணாம்னு சொன்னது நீங்க ஒருத்தருதானே?"

"உனக்குக் கபடி தெரியாது"ன்னேன்.

"எனக்குக் கணக்குத் தெரியும்"னுட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

எங்க காலேஜ் முதல்வர் அம்மாவும் கூப்புட்டு விசாரிச்சாங்க. எவனோ முன்னாடியே போட்டுக் குடுத்துட்டான். யாருன்னு இன்னும் பாத்துக்கிட்டு இருக்கேன்.

பி டிவிஷன் எப்புடி இருக்கும்னு நீங்க பாத்ததில்ல. இந்த வருசம் பூராம் ஜெயிச்சோம். முதல் எடம். ஆனா யாரோட ஜெயிச்சோம்? ஒரு கேட்டரிங் காலேஜ் பயக, கான்வாஸ் ஷூவோட கோர்ட்டுக்குள்ள வர்றாய்ங்க. தொட்டா "சாரி ப்ரோ"ங்கிறாய்ங்க. நாங்க ரெய்டு போறப்ப லைனுக்கு அந்தப் பக்கம் ஆடு மேயுது. பாக்க ஆளு இல்ல. டிராக்டரும் இல்ல, விசிலும் இல்ல. கண்டபடி திட்டுறதுக்குக் கூட ஒரு நாதி இல்ல. வீரணன் மட்டும் முழங்கால்ல பட்டைய மாட்டிக்கிட்டு எல்லா மேட்ச்சுக்கும் வந்து லைன்ல நிப்பான். படிப்பு முடிஞ்சு போச்சு அவனுக்கு. எதுக்கு வர்றான்னு நானும் பாக்குறேன், பயகளுக்குத் தண்ணி குடுக்குறான், கால் வைக்கிறதச் சொல்லித் தர்றான், போயிர்றான். இன்னும் ஒண்ணும் சிக்கல.

புதுசாச் சேர வர்ற நல்ல ஆட்டக்காரப் பயக மொதக் கேள்வியே, "சார், ஏ டிவிஷனா, பி டிவிஷனா?" பி டிவிஷன்னு சொன்னா, பாலத்தைத் தாண்டிப் போயிர்றாய்ங்க.

ஆனா முதல் எடம் வந்துட்டோம்ல, புள்ளிக்கணக்குப்படி அடுத்த வருசம் மேல போக வாய்ப்பு இருக்கு. இங்கதான் இன்னொரு சங்கதி. நாங்க மேல போறப்ப, அறம்வளர்த்தான் எந்த எடத்துல இருக்கான் தெரியுமா? எட்டாவதுல, கடைசியில! தோத்துக்கிட்டே வர்றான். வருசக்கணக்கா முதல் மூணு எடத்துல இருந்தவன், நாங்க இல்லாத ஒரே வருசத்துல எப்புடி எட்டுக்குப் போவான்? யோசிங்க. நாங்க மேல, அவன் கீழ. மறுபடியும் மோத வேண்டியதே இல்ல. எங்களுக்குப் பயந்துக்கிட்டு வேணும்னே இறங்குறான்!

அதக் கையும் களவுமாப் புடிக்கத்தான் இன்னைக்குப் போனேன். அவங்க காலேஜ்ல மேட்ச். வந்தது ஒரு டவுன் காலேஜ். நான் துண்டைத் தலையில கட்டிக்கிட்டுக் கேலரியில கடைசி வரிசையில உக்காந்துக்கிட்டேன். கூட்டமே இல்ல. நம்மளோட ஆடுறப்ப கூரை பிச்சுக்கிட்டுப் போகுமே, அதே எடம். இன்னைக்குக் கைதட்டுனா எதிரொலி கேக்குது.

செபமாலை ஓரத்துல நாற்காலி போட்டு உக்காந்திருக்கான். எளைச்சுட்டான். கத்துறதே இல்ல. முந்தி அவன் கத்துற கத்துக்கு நான் நடுவருகிட்டப் புகார் பண்ணியிருக்கேன்.

நான் வேணும்னே தோக்குறாங்களான்னுதான் பாத்தேன். தோக்குறாங்கதான். ஆனா அந்த ரைட் கார்னர் பய இருக்கானே, அவனுக்கு நல்ல கை. ஒவ்வொரு தடவையும் அவசரப்பட்டுக் காலுக்குப் பாயிறான். ரெய்டர் உதறிட்டுப் போயிர்றான். மறுபடியும் பாயிறான். மறுபடியும் உதறுறான். இதையாடா ஒருத்தன் சொல்லித் தரமாட்டான்? எப்புடி எந்திரிச்சேன்னு தெரியல தம்பி.

"டேய்! கால விடுறா! உள்ள வர விட்டு இடுப்பப் புடி!"

அந்த அமைதியில அது போய் செவத்துல அடிச்சுத் திரும்பி வருது. துண்டு அவுந்து விழுந்துருச்சு. செபமாலை திரும்பிப் பாத்தான். நேரா என்னைய. போச்சுடா, இப்ப நடுவருகிட்டச் சொல்லுவான், வெளிய அனுப்புவான்னு நின்னுக்கிட்டு இருக்கேன்.

அவன் எந்திரிச்சுப் போனான். செவத்தோரம் அடுக்கி வச்சிருந்ததுல ஒரு நாற்காலிய உருவுனான். தூக்கியாந்து அவன் நாற்காலிக்குப் பக்கத்துல போட்டான். தோள்ல கெடந்த துண்டை எடுத்து ரெண்டு தட்டுத் தட்டித் துடைச்சான். அப்புறம் உக்காந்து மேட்ச்சப் பாக்க ஆரம்பிச்சுட்டான். என் பக்கம் திரும்பவே இல்ல.

அடுத்த ரெய்டு. அந்தப் பய பொறுத்திருந்தான். உள்ள வர விட்டான். இடுப்பப் புடிச்சான். ஆளு அசைய முடியல. செபமாலை எந்திரிச்சுக் கத்துனான் பாருங்க ஒரு கத்து, அப்புடியே பழைய கத்து.

ஆனாலும் தோத்துட்டாங்க. ரொம்ப இல்ல, கொஞ்சத்துல.

நான் அங்க போய் உக்காரல. மேட்ச் முடியற வரைக்கும் அந்த நாற்காலி காலியாத்தான் கெடந்துச்சு. முடிஞ்சதும் எடுத்து அடுக்குற ஆளுக வந்தாங்க. ஒருத்தன் அதுல கைய வச்சான். செபமாலை அது முதுகு மேல கைய வச்சு, இது இருக்கட்டும்பான்னுட்டான். விளக்கெல்லாம் அணைக்கிறாங்க, இவன் அப்புடியே உக்காந்திருக்கான், பக்கத்துல காலி நாற்காலியோட. நான் பின்வாசல் வழியா வந்து பஸ் ஏறிட்டேன்.

அதான் தம்பி, வர்ற வழியெல்லாம் யோசிச்சுப் பாத்துட்டேன். மேட்டுக்கு ஒரு காரணம் புடிபட்டுச்சு. முழங்காலுக்கு ஒரு காரணம் புடிபட்டுச்சு. பத்து டீமுக்கும் புடிபட்டுச்சு. இந்த நாற்காலிக்கு மட்டும் ஒண்ணும் புடிபட மாட்டேங்குது. நீங்க படிச்ச புள்ளையாத் தெரியிறீங்க, கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க.

எதுக்குப் போட்டிருப்பான்? ஏதாவது இருக்கும்ல? ஒண்ணுமே இல்லாம ஒருத்தன் எப்புடித் துடைச்சுப் போடுவான்?